உதடு அசையாமல்

ஃப்ளோர் மானேஜர் காசிமின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குகின்றன, கடைசி விரலும் மடங்கி அந்தக் கை என்னை நோக்கி நீள்கிறது, காமிராவின் தலையில் சிவப்பு விளக்கு, நான் வாயைத் திறக்கிறேன், வணக்கம் வரவில்லை. காற்றுதான் வருகிறது. சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு சீறல், அவ்வளவுதான். நேரடி ஒளிபரப்பு. இந்த மெட்ராஸில் டெலிவிஷன் வாங்கியிருக்கிற ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும், அந்த வீட்டுக்காரர்களும் அக்கம்பக்கத்தவர்களும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தெருப்பிள்ளைகளுமாக இந்த நிமிஷம் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு தடவை முயன்று பார்க்கிறேன், அடிவயிற்றிலிருந்து இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க. வரவில்லை. உள்ளே யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. அப்போது என் மடியில் உட்கார்ந்திருக்கிற மன்னாரு மெல்லத் தலையைத் திருப்பி என்னை மேலும் கீழும் பார்க்கிறான். 'இன்னா வாத்யாரே, தொண்டையில எலி பூந்துகிச்சா? சரி வுடு, நான் சொல்லிக்கிறேன். எல்லார்க்கும் வணக்கம்பா. இது விடை உங்கள் கையில் நிகழ்ச்சி. இவரு தணிகாசலம், இன்னிக்கு ஊமை. நான் மன்னாரு, இன்னிக்கு எசமான்.' ஸ்டூடியோவில் கொல்லென்று சிரிப்பு. விளக்குகளுக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்திருக்கிற பார்வையாளர்கள் கை தட்டுகிறார்கள். காசிம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார், பிரமாதம் என்று அர்த்தம். ஒத்திகை பார்த்துச் செய்தது என்று நினைத்துவிட்டார். மன்னாருவின் முதுகுக்குள் இருப்பது என் வலது கை. அவன் தலை காகிதக்கூழ், உடம்பு பஞ்சு, கண் கண்ணாடி. அவன் பேசினால் அது நான் பேசுவது. தொண்டை ஒன்றுதான். ஒரே தொண்டையில் ஒரு குரல் வெண்கல மணி மாதிரி வருகிறது, இன்னொன்று வரவேயில்லை என்றால் அது எப்படி.

டாக்டரும் அதைத்தான் கேட்டார். கொஞ்ச நாளாகவே காலையில் எழுந்ததும் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது, பிறகு பேச்சுக்கு நடுவில் அறுந்து அறுந்து போக ஆரம்பித்தது, ரேடியோவில் ஸ்டேஷன் நழுவுகிற மாதிரி. மிளகுப் பால், சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் ஆயிற்று. என் மனைவி ஜெகதாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு, குட்டிக் கண்ணாடியை விளக்கில் காட்டிச் சூடாக்கி உள்ளே விட்டார், ஆ சொல்லுங்க என்றார், நான் ஆ சொல்ல முயன்றேன். நெடுநேரம் பார்த்தார். ஒன்றுமில்லையே, குரல்நாண் ரெண்டும் பூப்போல இருக்கே, கட்டி இல்லை, புண் இல்லை. சரி, அந்தப் பொம்மை மாதிரி பேசிக் காட்டுங்க என்றார், வேடிக்கைக்காகக் கேட்டிருக்கலாம். காட்டினேன். பொம்மை கையில் இல்லாமலே மன்னாரு டாக்டரிடம் பீஸ் எவ்வளவு என்று விசாரித்தான். கரகரப்பு இல்லை, அறுபடவில்லை. டாக்டர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, உங்களுக்கு எதுக்காவது பயமா இருக்கா சார் என்று கேட்டார். நான் ஜெகதாவைப் பார்த்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த காது படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பெரிய காது, குறுக்கே வெட்டின காது, உள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒன்று. பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். பொய். பயம்தான். எதற்கு என்றுதான் தெரியவில்லை. இங்கே ஸ்டூடியோவில் விளக்கு கொளுத்துகிறது. முகத்தில் பூசிய பவுடர் குழம்பு கன்னத்தில் இறுகிக்கொண்டு வருகிறது, வெள்ளைச் சட்டை போட்டால் காமிராவில் கண் கூசும் என்று கொடுத்த இளநீலச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, திரையில் அது வெள்ளையாகத்தான் தெரியுமாம், நீலமெல்லாம் எங்கே போகிறதோ.

மன்னாரு போட்டியாளர்களை அறிமுகம் செய்துகொண்டிருக்கிறான். அது என் வேலை. நான் நல்ல தமிழில் அறிமுகம் செய்ய வேண்டும், கேள்வி படிக்க வேண்டும், விடை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். மன்னாரு நடுநடுவே அவன் பாஷையில் கிண்டல் செய்ய வேண்டும். இதுதான் இந்த நிகழ்ச்சி, தயாரிப்பாளர் விசாலம் மேடம் என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு உருவாக்கினது. கல்யாண வரவேற்பிலும் பொருட்காட்சியிலும் பேசும் பொம்மை காட்டிக்கொண்டிருந்தவனை இந்த நாற்காலியில் உட்காரவைத்த மகராசி. இப்போது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மாடியறையில் உட்கார்ந்து என்ன நினைக்கிறாரோ. 'இந்தப் பக்கம் குந்திக்கினு இருக்கறது கற்பகவல்லி அம்மா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை, ஊரு பேச்சு பூரா அவுங்க காதுலதான். அந்தப் பக்கம் லூர்துசாமி ஐயா, ரயில்வே கார்டா இருந்து ரிட்டயர்டு. பச்சைக் கொடி காட்டுவாரா சிவப்புக் கொடி காட்டுவாரான்னு இனிமேதான் பார்க்கணும்.' லூர்துசாமி சிரிக்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்த மனுஷர், மீசை சுத்தமாக நறுக்கியிருக்கிறது, கையை மேஜை மேல் வைத்திருக்கிற தினுசே இன்னும் யூனிபாரத்தில் இருப்பதாகச் சொல்கிறது. ஒப்பனை அறையில் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, நான் வாராவாரம் பார்க்கறேன் சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே, பொம்மை பேசறப்ப உங்க உதடு அசையறது தெரியுது சார் என்றார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ப, ம இந்த இரண்டு எழுத்துக்கும் உதட்டை மூடாமல் முடியாது, அதற்குப் பதில் நாக்கை வைத்து ஒப்பேற்றுவோம், கேட்கிறவர்கள் காதே பாக்கியைச் சரிசெய்துகொள்ளும், ஆனாலும் அவசரத்தில் உதடு துடிக்கத்தான் செய்யும், இதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா, கரகரத்த குரலில் நன்றி சார் என்று மட்டும் சொன்னேன். அதுதான் இன்றைக்கு என் குரலில் நான் பேசின கடைசி வார்த்தை என்று இப்போது தோன்றுகிறது. தோளில் ஈரத்துண்டு மாதிரி அந்தச் சொல் கிடந்தது, உதடு அசையறது தெரியுது சார், பெட்டியைத் திறந்து மன்னாருவை எடுத்தபோதும் கிடந்தது.

கேள்வி அட்டையை இடது கையில் பிடித்திருக்கிறேன், மன்னாரு எட்டிப் பார்த்துப் படிக்கிறான். முதல் கேள்வி கற்பகவல்லிக்கு, சிலந்திக்கு எத்தனை கால். 'எங்கூட்டு மூலையில இருக்கற சிலந்திக்கு ஏழு, மீதி எல்லாத்துக்கும் எத்தினிம்மா?' அவள் எட்டு என்கிறாள், மணி அடிக்கிறது, பலகையில் எண்ணை மாற்றுகிறார்கள். நன்றாகத்தான் போகிறது. இதைவிட நன்றாக ஒருநாளும் போனதில்லை என்றே சொல்லலாம். எப்போதும் மன்னாரு என்ன சொல்லப் போகிறான் என்பது எனக்குக் கொஞ்சம் முன்னால் தெரியும், வாய்க்கு வருவதற்குள் மனசில் ஒரு மின்னல் போல ஓடும், இன்றைக்கு அந்த மின்னல் வரவில்லை, எல்லாரும் கேட்கிறபோதுதான் நானும் கேட்கிறேன். ஏழு கால் சிலந்தி. எங்கள் வீட்டு மூலையில் சிலந்தி இருக்கிறதா என்ன, நான் பார்த்ததில்லை, ஜெகதா பெருக்கும்போது பார்த்திருக்கலாம். சின்ன வயதில் இப்படி ஒரு தடவை ஆகியிருக்கிறது. ராயபுரத்து வீட்டில் அப்பா சாப்பிட உட்கார்ந்தால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர், ஊரார் வீட்டுச் சாமானை ஜப்தி செய்துவிட்டு வந்து எங்களிடமும் அதே குரலில்தான் பேசுவார். ரசத்தில் உப்பு இல்லை என்று அம்மாவைக் கத்துவார், நான் தட்டைப் பார்த்துக்கொண்டே, பல்லைக் கடித்து, உதடு மூடி, தொண்டைக்குள்ளேயே பதில் சொல்வேன், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அதில் ஒரு சுகம் இருந்தது. ஒருநாள் அது வெளியே கேட்டுவிட்டது. போய்யா கிழவா என்று தெளிவாகக் கேட்டது, கீச்சென்று, யாருடையதோ மாதிரி. அப்பாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. யார்ரா அது என்று கேட்டார். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே, பிறகு கதவுக்குப் பின்னால், பிறகு அரிசி மூட்டைக்குப் பின்னால் எல்லாம் தேடினார், அந்த மனுஷர் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை, சத்தியமாக நான் சொல்லவில்லை என்று எனக்கும் தோன்றியது. பிறகுதான் அந்தக் குரலுக்கு ஒரு முகம் செய்து, தொப்பி வைத்து, கட்டம்போட்ட சட்டை தைத்து, மன்னாரு என்று பேர் வைத்து என் கையில் மாட்டிக்கொண்டேன். கையில் மாட்டிக்கொண்டால் எங்கும் போகாது என்று.

மணி. கேள்வி லூர்துசாமிக்கு. அட்டையில் இருப்பது: ஒலி எதில் மிக வேகமாகச் செல்லும், காற்றிலா, தண்ணீரிலா, இரும்பிலா. மன்னாரு படிக்கிறான், கிண்டல் எதுவும் சேர்க்காமல், அதுவே வினோதமாக இருக்கிறது. கேள்வி முடிவதற்குள் லூர்துசாமியின் முகம் மலர்ந்துவிட்டது. 'இரும்புலதான். வண்டி கண்ணுக்குத் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே தண்டவாளத்துல காதை வெச்சா கேக்கும்.' பார்வையாளர் பக்கம் திரும்புகிறார், அங்கே முன்வரிசையில் அவர் மனைவி, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சந்தோஷத்தில் பாதி எழுந்தே விட்டாள். அட்டையின் பின்பக்கத்தில் விடை: இரும்பில். நான் சரி என்று தலையாட்டப் போகிறேன். 'தப்பு' என்கிறான் மன்னாரு. மணி அடிக்கிறவர் குழம்பிப்போய்க் கையை நிறுத்துகிறார். 'தப்பு நைனா. காதை வெச்சா மட்டும் போதுமா? வாயைப் பார்த்துக்கினே இருக்கறவனுக்கு இன்னா கேக்கும்?' சிரிப்பு, ஆனால் கொஞ்சம்தான், கடைசியில் அது தயங்கி நின்றுவிடுகிறது. லூர்துசாமியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது பவுடர் பூச்சுக்கு அடியிலும் தெரிகிறது. அவர் பொம்மையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறார். 'சார், நான் சொன்னது சரிதானே சார்? நீங்க சொல்லுங்க சார்.' நான் வாயைத் திறக்கிறேன். சீறல். 'ஐயா இன்னாத்த சொல்றது, ஐயாவுக்குத்தான் பேச்சே கெடையாதே. உதடு வேணும்னா அசையும், பாரு.' அது உண்மையாகவே அசைகிறது, நான் சரி சரி என்று சொல்ல முயன்று அசைக்கிறேன், சத்தமில்லாமல், மீன் மாதிரி, ஊரே பார்க்க. ஓரத்தில் இருக்கிற மானிட்டர் பெட்டியில் எங்கள் இரண்டு பேரையும் காட்டுகிறார்கள். சாம்பல் நிறத்தில் இரண்டு முகம். ஒன்று கண்ணை உருட்டி, புருவத்தைத் தூக்கி, கொழுகொழுவென்று உயிரோடு இருக்கிறது. பக்கத்தில் இருப்பதற்குக் கீழ்த்தாடை மட்டும் இறங்கி இறங்கி ஏறுகிறது, கண் ஒரே இடத்தில் நிற்கிறது. எந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று கண்டுபிடிக்க ஒரு கணம் ஆகிறது.

லூர்துசாமியின் மனைவி உட்கார்ந்துவிட்டாள். கையில் சுற்றின முந்தானை அப்படியே இருக்கிறது. நான் அந்த மனுஷரை அவமானப்படுத்த நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன், ஒப்பனை அறையில் ஒரு நொடி நினைத்தேன், உனக்கு இருக்குடா என்று, யாருக்குத்தான் தோன்றாது, தோன்றும், அதோடு போகும். போக விடாமல் யாரோ பிடித்து வைத்திருந்திருக்கிறார்கள். இத்தனை வருஷமாக எனக்குத் தோன்றி நான் விழுங்கினதெல்லாம் எங்கேயோ போய்ச் சேர்ந்துகொண்டுதானே இருந்திருக்கும். விழுங்கினா மட்டும் கரைஞ்சு பூடுமா நைனா, எல்லாம் பத்தரமா இருக்குது, உங்கப்பன் பேசினதும் இருக்குது, நீ பேசாததும் இருக்குது, இந்த மீசைக்காரன் சொன்னதுக்கு நன்றி சார்னு பல்லை இளிச்சியே அதுவும் கீது, இப்ப பேஜார் ஆவாதே, கம்முனு குந்திக்கினு இரு, நான் பார்த்துக்கிறேன்... ஐயோ. இதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. ஸ்டூடியோ அமைதியாக இருக்கிறது. இது நான் நினைப்பது. என் மண்டைக்குள் நான் நினைப்பது அவன் குரலில் கேட்கிறது. நான் நல்ல தமிழில் நினைத்துப் பார்க்கிறேன், என் பெயர் தணிகாசலம், புரசைவாக்கத்தில் குடியிருக்கிறேன், என் மனைவி பெயர் ஜெகதாம்பாள், ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி, அந்த வார்த்தைகளுக்கு அடியிலும் அவன் மூச்சு கேட்கிறது, சிரிப்பை அடக்கிக்கொண்டு. காசிம் இரண்டு கையையும் விரித்து என்ன சார் என்று கேட்கிறார், காதில் மாட்டியிருக்கிற கருவியில் விசாலம் மேடம் கத்துவது இங்கேயே இரைச்சலாக வருகிறது. நான் கையை உருவினேன். வேறொன்றும் தோன்றவில்லை. மன்னாருவின் முதுகிலிருந்து என் வலது கையை உருவி எடுத்து, எல்லாரும் பார்க்க, மேஜை மேல் வைத்தேன். அவன் தலை சரிந்து மார்பில் விழுந்தது, தொப்பி உருண்டு கீழே போனது, வெறும் பஞ்சும் துணியுமாக என் மடியிலிருந்து வழுக்கிக்கொண்டு போனான். வேர்த்திருந்த அந்தக் கை விளக்கு வெளிச்சத்தில் தோல் உரித்த எதுவோ மாதிரி மேஜை மேல் கிடந்தது.  ஏதோ மின்விசிறி மட்டும் எங்கேயோ சுற்றுகிறது. நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன், பல்லோடு பல்லைச் சேர்த்து, இனிமேல் எதுவும் வராது, வந்தால் என் குரல் வரட்டும், இல்லையென்றால் வேண்டாம்.

'இரும்புதான்.' மன்னாருவின் குரல், மேலேயிருந்தா, மேஜைக்கு அடியிலிருந்தா, எங்கிருந்து என்று யாராலும் சொல்ல முடியாது, எல்லாத் தலைகளும் ஒவ்வொரு பக்கம் திரும்புகின்றன. 'லூர்துசாமி ஐயா சொன்னதுதான் சரி. மன்னாரு சும்மா வெளையாடிச்சு. மன்னிச்சுக்கோ ஐயா.' ப, ம, ஒவ்வொன்றும் ஸ்படிகம் மாதிரி. நான் மானிட்டரைப் பார்த்தேன், மன்னிச்சுக்கோ என்ற அந்த நொடியில் பார்த்தேன், அந்தச் சாம்பல் முகத்தில் உதடு அசையவில்லை. துடிக்கக்கூட இல்லை. வாழ்நாள் முழுக்க எதற்காகக் கண்ணாடி முன்னால் நின்று தாடை வலிக்க வலிக்கப் பழகினேனோ அது எந்தப் பிரயாசையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது, நான் அதைச் செய்யவில்லை. முதலில் லூர்துசாமியே கை தட்டினார். பெருந்தன்மையான மனுஷர். 'அடடா, அடடா, பொம்மையே இல்லாம பேசறாரே' என்று வாய்விட்டுச் சொன்னார், அது மைக்கில் விழுந்தது, அப்புறம் கூட்டம் முழுக்கக் கை தட்டியது, அவர் மனைவி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள். மிச்ச நிகழ்ச்சி எப்படி நடந்தது என்று எனக்கு அவ்வளவாக நினைவில்லை. நான் அட்டையைப் புரட்டினேன், குரல் கேள்வி கேட்டது, தீர்ப்புச் சொன்னது, நியாயமாகவே சொன்னது, ஒரு இடத்தில் கற்பகவல்லியின் புடவையைப் பாராட்டியது. லூர்துசாமி ஜெயித்தார், டிரான்சிஸ்டர் ரேடியோவைக் குழந்தையை வாங்குவது மாதிரி வாங்கிக்கொண்டார். சிவப்பு விளக்கு அணைந்தது.

விசாலம் மேடம் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தார். 'தணிகாசலம், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மேலே எங்களுக்கெல்லாம் உயிரே போயிடுச்சு. ஆனா என்ன ஒரு ஐடியா! இனிமே ஒவ்வொரு வாரமும் இப்படித்தான். நீங்க பேசவே வேண்டாம்.' நான் தலையாட்டினேன். இனிமேல் நான் பேசவே வேண்டாம். காசிம் கீழே கிடந்த தொப்பியை எடுத்துத் தூசு தட்டிக் கொடுத்தார், மன்னாருவைப் பெட்டியில் படுக்கவைத்து மூடினேன், பூட்டினேன், பூட்டின பிறகு பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்கவில்லை, கேட்க வேண்டியது அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். கற்பகவல்லி மட்டும் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். தயங்கித் தயங்கி வந்தாள். 'சார், தப்பா நினைக்காதீங்க. எக்ஸ்சேஞ்சுல நாள் பூரா எனக்குக் குரல்தான், முகமே கிடையாது. முன்னாடியெல்லாம் உங்க நிகழ்ச்சியைக் கேட்டா, ஒரே ஆள்தான் ரெண்டு விதமா பேசறாருன்னு காதுக்குத் தெரிஞ்சிடும். இன்னிக்குத் தெரியலை.' கைப்பையின் பட்டையை முறுக்கினாள். 'உங்களுக்கு உடம்பு சரியில்லையா சார்?' இந்த ஒரு பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு முட்டியது. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, ஐயா சோக்கா கீறாரு' என்றது குரல். அவள் ஒரு அடி பின்னால் போனாள். பெட்டியைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், என் அசையாத உதட்டைப் பார்த்தாள், பிறகு வேகமாகத் திரும்பி வாசல் பக்கம் நடந்தாள், செருப்புச் சத்தம் தாழ்வாரம் முழுக்க ஓடியது.

வரவேற்பு அறையில் எனக்குப் போன் வந்திருக்கிறதாம். வீட்டிலிருந்து. வீட்டில் போன் கிடையாது, டெலிவிஷனும் கிடையாது, ஜெகதா மாடி வீட்டில் போய்ப் பார்த்துவிட்டுத் தெருமுனை மருந்துக்கடையிலிருந்து பேசுகிறாள் போலிருக்கிறது. இதற்கு முன் ஒருநாளும் பேசினதில்லை. நிகழ்ச்சி எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை, வீட்டுக்குப் போனால் தட்டை வைப்பாள், நான் சாப்பிடுவேன், மேலே மின்விசிறி சுற்றும். வரவேற்பு மேஜைப் பெண் ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். காதில் வைத்தேன். பஸ் ஹாரன், யாரோ இருமல் மருந்து கேட்கிற சத்தம், பிறகு அவள். 'ஹலோ. ஹலோ. நீங்களா?' நான் மூச்சை இழுத்தேன், ஜெகதா என்று ஒரு வார்த்தை, அந்த ஒரு வார்த்தை மட்டும் வந்தால் போதும், கண்ணில் நீர் வந்துவிட்டது, சீறல்தான் வந்தது. 'மூச்சு மட்டும் கேக்குது. பேசுங்களேன்.' நான் பேசாமல் இருந்திருக்கலாம், வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நின்றிருக்கலாம். 'நான்தாம்மா' என்றது குரல்.

  அவள் மறுபடி பேசினபோது குரல் மாறியிருந்தது. இறுக்கம் போயிருந்தது. தாழ்ந்து, இளகி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, நான் கேட்டறியாத ஒரு குரல். 'மன்னாருவா? நினைச்சேன். இன்னிக்கு முழுக்க நீதானே பேசினே. அவருக்குக் குரல் சுத்தமா போயிடுச்சா?'

'போயிடுச்சும்மா.'

'நீ நேத்து மத்தியானமே சொன்னியே, இந்த வாரத்தோட சரின்னு. நான்தான் நம்பலை.'

நேற்று மத்தியானம். நேற்று மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். கத்தரிக்காய்க் குழம்பு, அப்புறம் பாய், தலைகாணி, எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தினமும் அப்படித்தான். எவ்வளவு நாளாக. என்ன பேசினேன், யார் பேசினது, பாயில் வாய் மூடிப் படுத்திருக்கிற என் பக்கத்தில் இவள் எங்கே உட்கார்ந்திருப்பாள், அரிசி பொறுக்கிக்கொண்டா, தலையை வாரிக்கொண்டா, என்னத்தையெல்லாம் கேட்டிருப்பாள், அது என்னத்தையெல்லாம் சொல்லியிருக்கும். ரிசீவர் கையில் வழுக்குகிறது. 'டாக்டர்கிட்ட அவரு முகத்தைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு' என்கிறாள் ஜெகதா. 'நம்ம விஷயம் தெரிஞ்சா பயந்துடுவாரு. ரொம்ப பயந்த சுபாவம், உனக்குத் தெரியாததா. அவரு பக்கத்துல இருக்காரா? கேட்டுக்கிட்டு இருக்காரா?'

'இல்லம்மா' என்றது. 'தூங்குறாரு.'

'அப்ப சரி.' நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில்கூட நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. 'இன்னிக்கு காலையில என்ன ஆச்சு தெரியுமா மன்னாரு' என்று ஆரம்பித்தாள். என் மூச்சு அவளுக்குக் கேட்டுவிடாதபடி ரிசீவரின் வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.